கிருமி என்னும் சோம்பேறிச் சொல்

முகப்பரு என்றால் அழுக்கு. அழுக்கு என்றால் கிருமி. கிருமி என்றால் கொல். தோலைப் பற்றிய பொதுப் பேச்சு இந்த ஒரே சங்கிலியில் தொங்குகிறது. சோப்பு விளம்பரங்கள் இதை ஓதுவதில் வியப்பில்லை. அறிவியலைத் தமிழில் எழுதும் பேராசிரியர்களும் இதையே வழிமொழிவதுதான் கண்டனத்திற்குரியது.

நிகழ்வது வேறு. கியூட்டிபாக்டீரியம் ஆக்னெஸ் நலமான தோலிலும் வாழும் நுண்ணுயிரி. எண்ணெய்ச் சுரப்பிகள் சுரக்கும் டிரைகிளிசரைடுகளை அதன் லைபேஸ் நொதி கிளிசராலாகவும் கொழுப்பு அமிலங்களாகவும் பிளக்கிறது. அவ்வமிலங்கள் தோலின் அமிலத்தன்மையைப் பேணி, நோய் விளைக்கும் வேற்று நுண்ணுயிரிகள் சிலவற்றைத் தடுக்கவும் செய்கின்றன. மயிர்க்கால் அடைபட்டு, கொழுப்புத் தேங்கி, ஆக்சிஜன் குன்றும்போதோ அதே பாக்டீரியா நொதித்தலில் இறங்கிக் குறுஞ்சங்கிலிக் கொழுப்பு அமிலங்களை வெளியிடுகிறது. இவை தோல் செல்களில் ஹிஸ்டோன் டிஅசிட்டிலேஸ் நொதிகளை முடக்கி, அழற்சிக்கு இடப்பட்டிருந்த தடையைத் தளர்த்துகின்றன என்பதைச் சான் டியாகோவிலுள்ள கலிபோர்னியாப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2016இல் காட்டினர். எந்தச் சூழலில், எந்த உள்வகை, எந்த நொதி என்று வினவாமல் 'கிருமி' என்று முடித்துவிடுவது விளக்கமாகாது.

'மக்களுக்குப் புரிய வேண்டுமே' என்ற சமாதானமும் எடுபடாது. கிருமி என்பது புழுவைக் குறித்த வடசொல்லின் வழிவந்தது. அதனோடு அருவருப்பும் ஒட்டிவருகிறது. 'நொதி' என்ற சொல்லிலோ நொதித்தல் இருக்கிறது. 'அழற்சி' என்ற சொல்லில் அழல் இருக்கிறது. இவை பள்ளிப் பாடநூலிலேயே பழகிய சொற்கள்.

சொல்லின் பிழை மருந்துக்கடை வரை நீள்கிறது. கொல்ல வேண்டிய பகை என்று நம்புபவர் தோலைத் தேய்த்துப் புண்ணாக்குகிறார். நுண்ணுயிர்க்கொல்லியை மட்டும் நெடுநாள் பூசி எதிர்ப்புத்திறனை வளர்க்கிறார். ஸ்டீராய்டுக் களிம்பால் சிவப்பை மறைத்துப் பின்னர்ப் புதிய பருக்களையே பெறுகிறார். 2018இல் நடுவண் அரசு 14 ஸ்டீராய்டுக் களிம்புகளை மருத்துவர் சீட்டின்றி விற்கலாகாதென அட்டவணை எச்-இல் சேர்த்தது. தில்லி கிட்வாய் நகரிலிருந்து எய்ம்ஸ் நடக்கும் தொலைவுதான். அங்கு வாழ்வோரையே மருத்துவருக்கு முன்னர் விளம்பரம் எட்டிவிடுகிறதென்றால், மருத்துவமனை எட்டாச் சிற்றூர்களின் நிலையைச் சொல்ல வேண்டியதில்லை.

பாடநூல் எழுதுவோரும் ஆய்வேடு திருத்துவோரும் 'கிருமி' வருமிடமெல்லாம் நிறுத்தி, எந்த உயிரி, அது என்ன செய்கிறது என்று கேட்கட்டும். விடையில்லாத வாக்கியத்தை அச்சுக்கு அனுப்பாதிருக்கட்டும்.