இரண்டு சங்கிலி, நான்கு சர்க்கரைக் கிளை

மரபணுவை எடுத்து பாக்டீரியாவுக்குள் வைத்துவிட்டால் மருந்து தயார் என்ற நம்பிக்கையை நமக்குக் கொடுத்தது இன்சுலின். 1978இல் அமெரிக்காவில் அதன் 21 அமினோ அமிலச் சங்கிலியைத் தனியாகவும் 30 அமினோ அமிலச் சங்கிலியைத் தனியாகவும் ஈ.கோலை பாக்டீரியாவில் உருவாக்கி, வெளியே எடுத்துச் சேர்த்தார்கள். 1982இல் அது மருந்தாக அனுமதி பெற்றது. கருமுட்டையை வளர்க்கும் எஃப்.எஸ்.ஹெச். ஹார்மோனும் இரண்டு சங்கிலிகளால் ஆனதுதான். ஆனால், மரபணுப் பொறியியல் வழியில் அது ஐரோப்பாவில் அனுமதி பெற 1995 ஆயிற்று.

சிக்கல் அதன் அமைப்பில் இருக்கிறது. 92 அமினோ அமிலங்கள் கொண்ட ஆல்ஃபா, 111 கொண்ட பீட்டா. தைராய்டைத் தூண்டும் டி.எஸ்.ஹெச்., கர்ப்பப் பரிசோதனையில் தேடப்படும் ஹெச்.சி.ஜி. ஆகியவற்றிலும் இதே ஆல்ஃபாதான்; எந்த உறுப்பிடம் போவது என்பதை பீட்டா முடிவுசெய்கிறது. பிரித்துவிட்டால் இரண்டுமே வேலைக்கு ஆகாது. சேர்ந்திருந்தாலும் போதாது, ஒவ்வொரு சங்கிலியிலும் இரண்டு சர்க்கரைக் கிளைகள் முளைத்திருக்க வேண்டும். கிளை நுனியில் சியாலிக் அமிலம் இல்லையென்றால் கல்லீரல் ஹார்மோனை ரத்தத்திலிருந்து விரைவில் அகற்றிவிடும். இந்தச் சர்க்கரை வேலை ஈ.கோலைக்குத் தெரியாது. அதனால்தான் சீன வெள்ளெலியின் சினைப்பைச் செல்லுக்குள் இரண்டு மரபணுக்களையும் வைத்தார்கள். மடிப்பு, இணைப்பு, சர்க்கரை எல்லாம் செல்லுக்குள்ளேயே நடந்தன.

அதற்கு முன் மனித உடலே சுரங்கமாக இருந்தது. இறந்தவர்களின் பிட்யூட்டரி சுரப்பியிலிருந்து எடுத்த ஹார்மோனைக் குழந்தைக்காகச் செலுத்திக்கொண்ட ஆஸ்திரேலியப் பெண்களில் நான்கு பேர், மூளையைச் சிதைக்கும் க்ராய்ட்ஸ்ஃபெல்ட்-ஜேக்கப் நோயில் மடிந்தார்கள். 1985இல் அங்கே அந்த ஹார்மோனை வழங்கும் திட்டம் நின்றது. இத்தாலியில், மாதவிடாய் நின்ற கன்னியாஸ்திரீகளின் சிறுநீரைச் சேகரித்து ஹார்மோனைப் பிரித்தெடுத்தார்கள். 1978இல் கொல்கத்தாவில் மருத்துவர் சுபாஷ் முகர்ஜி, துர்கா என்ற சோதனைக்குழாய்க் குழந்தைக்காகப் பயன்படுத்தியதும் சிறுநீர் ஹார்மோனைத்தான். அதே ஆண்டு இங்கிலாந்தில் சோதனைக்குழாய்க் குழந்தையாகப் பிறந்த லூயிஸ் பிரவுன், இயற்கையாக முதிர்ந்த ஒற்றை முட்டையில் உருவானவர். ஹார்மோன் கொடுத்து முட்டைகளை வளர்க்கும் முகர்ஜியின் வழியில்தான் இன்று உலகம் நடக்கிறது. நாமோ அவரை நம்பாமல் அவமதித்தோம். 1981இல் தன் உயிரைத் தானே மாய்த்துக்கொண்டார்.

இன்று இந்தியாவிலேயே மரபணுப் பொறியியல் எஃப்.எஸ்.ஹெச். தயாராகிறது. விலை குறையட்டும், மிக நல்லது. ஆனால், மரபணு ஒன்று, ஆகவே மருந்தும் ஒன்று என்ற வாதம் இங்கே செல்லாது. செல் வளரும் தொட்டியின் வெப்பநிலையோ அமிலத்தன்மையோ ஊட்டமோ மாறினால் சர்க்கரைக் கிளைகளும் மாறக்கூடும். சர்க்கரையின் பலம் எவ்வளவு என்பதை அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரில் இர்விங் பாய்ம் குழு காட்டியது. ஹெச்.சி.ஜி. பீட்டாவின் சர்க்கரை மிகுந்த வால்பகுதியை எஃப்.எஸ்.ஹெச். பீட்டாவோடு சேர்த்தபோது, ஹார்மோன் ரத்தத்தில் நெடுநேரம் தங்கியது. அந்த வழியில் பிறந்த மருந்து 2010இல் ஐரோப்பாவில் அனுமதி பெற்றது. ஏழு நாள் ஊசிகளுக்குப் பதில் ஒரே ஊசி.

மூல மருந்தைப் போலவே தயாரிக்கப்படும் ஒத்த உயிரி மருந்துகளுக்கு 2012இல் வகுத்து 2016இல் திருத்திய வழிகாட்டி நெறிகள் நம்மிடம் உள்ளன. நிறுவனம் அதிகாரிகளிடம் கோப்பைக் கொடுப்பதோடு அதன் பொறுப்பு முடிந்துவிடக் கூடாது. ஒவ்வொரு தொகுதியின் சர்க்கரை அமைப்பையும், முந்தைய தொகுதியோடு அது எவ்வளவு ஒத்துப்போகிறது என்பதையும், ஊசி எழுதிக்கொடுக்கும் மருத்துவர் பார்க்கும்படி வெளியிடச் சட்டம் கட்டாயப்படுத்த வேண்டும்.