நாமக்கல் டு ஸ்ரீநகர்: கை காட்டி நிறுத்தினால் காசு போகுமா, உயிர் பிழைக்குமா?

கன்னியாகுமரிக்கும் ஸ்ரீநகருக்கும் நடுவே ஓடும் தேசிய நெடுஞ்சாலை 44, நாமக்கல்லைத் தொட்டுக்கொண்டுதான் போகிறது. நம்மூர்க்காரர்கள் முன்பு 'என்.ஹெச். 7' என்று சொன்ன அதே சாலை. லாரிக்கு பாடி கட்டுவதில் பெயர்பெற்ற இந்த ஊரிலிருந்து கிளம்பும் வண்டி, இதே சாலையைப் பிடித்துக்கொண்டு வடக்கே போனால் 3,000 கிலோமீட்டருக்கும் அப்பால் பனிக்குள் போய் நிற்கும்.

நடுவில் எத்தனை இடத்தில் கை நீளும் என்பது டிரைவருக்கு அத்துப்படி. ஆர்.சி., பெர்மிட், எஃப்.சி., இன்ஷூரன்ஸ், புகைச் சான்று, லைசென்ஸ். எல்லாவற்றையும் போனில் டிஜிலாக்கரில் காட்டினாலே செல்லும் என்று 2018-லேயே விதி வந்துவிட்டது. 2017 ஜூலையில் ஜி.எஸ்.டி. வந்தபோது மாநில எல்லைகளில் இருந்த வணிகவரி சோதனைச் சாவடிகளும் போயின. ஆனாலும் இருட்டில் ஒரு டார்ச் வெளிச்சம் அசைந்தால், 'இன்னைக்கு எவ்ளோ போகப்போகுதோ' என்ற கணக்குதான் மனசில் முதலில் ஓடும். அந்தப் பயம் பல வருஷ அனுபவத்தில் வந்தது. அதைக் குறை சொல்ல முடியாது.

ஜம்முவைத் தாண்டியதும் கதை மாறுகிறது. உதம்பூரிலோ, அந்தப் பக்கம் காசிகுண்டிலோ போலீஸ் லாரிகளை நிறுத்தினால், பெரும்பாலும் காரணம் மேலே மலையில் இருக்கிறது. ராம்பன் – பனிஹால் பகுதியில் மழையோ பனியோ பெய்தால் மண் சரியும், கல் உருளும். கனரக வண்டிகளை ஒரு நாள் இந்தத் திசையில், மறுநாள் எதிர்த்திசையில் என்று விடுவதும் உண்டு. 2021-ல் திறந்த எட்டரை கிலோமீட்டர் பனிஹால் – காசிகுண்ட் சுரங்கப்பாதை, பனிச்சரிவு அபாயமுள்ள பழைய மேட்டுப் பாதையைத் தவிர்த்துவிட்டது உண்மைதான். ஆனால், சுரங்கத்துக்கு வெளியே இருப்பது அதே மலைதானே!

பனியை விட மோசமானது, கண்ணுக்குத் தெரியாத ஐஸ். தார்ச் சாலையில் கண்ணாடி மாதிரி மெல்லிசாக உறைந்திருக்கும். பார்த்தால் தண்ணீர் தெளித்த ஈரம் போலத்தான் இருக்கும். அடியிலும் குளிர்காற்று போவதால் பாலங்கள் முதலில் உறையும். மலை நிழல் விழும் வளைவுகளில் வெயில் வந்த பிறகும் ஐஸ் விலகாது. முன்னால் போகும் டயரிலிருந்து சிதறிய தண்ணீர் திடீரென்று நின்றுவிட்டால், அங்கே சாலை உறைந்திருக்கிறது என்று சந்தேகப்பட வேண்டும்.

இங்கேதான் நம்மூர் அனுபவம் காலை வாரும். இதே சாலையில், தருமபுரியிலிருந்து சேலம் நோக்கி இறங்கும் தொப்பூர் கணவாயில் டீசலை மிச்சம் பிடிக்க நியூட்ரலில் விடாதே, லோ கியரில் இறங்கு, எக்ஸாஸ்ட் பிரேக்கை நம்பு என்பதுதான் பாடம். ஐஸில் லோ கியர் பாடம் செல்லும். எக்ஸாஸ்ட் பிரேக் பாடம் செல்லாது. அது இன்ஜினோடு சேர்ந்த பின் சக்கரங்களை மட்டுமே பிடிக்கும். அவை பிடிப்பை இழந்தால் வண்டியின் பின்பக்கம் பக்கவாட்டில் அடிக்கும். பிரேக்கை மிதிப்பதும் ஆபத்து. ஸ்டியரிங்கை நேராக வைத்து, காலை மெதுவாக எடுத்து, நடந்துபோகிற வேகத்துக்கு முன்கூட்டியே வந்திருக்க வேண்டும். செயின் கட்டுவதும் இன்ஜின் இழுக்கும் சக்கரத்தில்தான். ஏர் பிரேக் வண்டி என்றால், டேங்கில் தேங்கிய தண்ணீரை மாலையிலேயே வடித்துவிட வேண்டும். அது உறைந்தால் காலையில் பிரேக் சரியாக வேலை செய்யாது.

நிற்பது சும்மா வராது. பேட்டா போகும், சரக்கு அழுகும். 2025 செப்டம்பரில் உதம்பூர் பக்கம் சாலை சரிந்தபோது, ஆப்பிள் ஏற்றிய லாரிகள் நாள்கணக்கில் நின்றன. மேலே போகிற வண்டிக்கு வேறு தலைவலி. இ-வே பில்லுக்கு 200 கிலோமீட்டருக்கு ஒரு நாள் என்று கணக்கு. தில்லியில் லோடு ஏற்றியவருக்கு நான்கைந்து நாள்தான் கிடைக்கும். வழியில் மூன்று நாள் மாட்டினால் பில் காலாவதி. காலக்கெடு முடிவதற்கு 8 மணி நேரம் முன்பிருந்து, முடிந்து 8 மணி நேரத்துக்குள் டிரான்ஸ்போர்ட் அலுவலகம் ஆன்லைனில் நீட்டிக்கலாம். விட்டுவிட்டால் அடுத்த சோதனையில் வரியைப் போல இரண்டு மடங்கு அபராதம் வரை போகும்.

சரி, அலுவலகத்துக்கு ஒரு போன் போட்டால் போதாதா? அங்கேதான் சிக்கல். வெளிமாநில ப்ரீபெய்டு சிம் ஜம்மு காஷ்மீருக்குள் வேலை செய்யாது. போஸ்ட்பெய்டு மட்டுமே எடுக்கும். லக்கன்பூர் எல்லையைத் தாண்டியதும் போன் செத்துவிடும். நாமக்கல்லில் வீட்டம்மா கூப்பிட்டுக்கொண்டே இருப்பார், டிவியில் நிலச்சரிவு என்று ஓடிக்கொண்டிருக்கும், இந்தப் பக்கம் மனுஷன் வரிசையில் நின்று டீ குடித்துக்கொண்டிருப்பார்.

அப்படி நிற்கும் இரவில் இன்னொரு ஆபத்தும் உண்டு. குளிருக்குக் கண்ணாடியை ஏற்றிவிட்டு, சமைத்த ஸ்டவ்வையோ கரி அடுப்பையோ கேபினுக்குள் வைத்துக்கொண்டு தூங்குவது. கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது. தூக்கத்திலேயே ஆளை முடித்துவிடும். அடுப்பு எப்போதும் வெளியேதான், கம்பளி கூட ஒன்று இருக்கட்டும்.

வீட்டில் இருப்பவர்கள் கேட்டு வைக்க வேண்டியவை இரண்டுதான்: வண்டியில் ஒரு போஸ்ட்பெய்டு நம்பர் இருக்கிறதா, கூடவே போகும் லாரிக்காரரின் நம்பர் என்ன?