இரட்டை டிஸ்க் இருந்தால் பேக்கப் வேண்டாமா?

புதிய கம்ப்யூட்டர் அசெம்பிள் செய்யக் கடைக்குப் போகிறீர்கள். கொஞ்சம் விவரம் தெரிந்த கடைக்காரராக இருந்தால் ஒரு யோசனை சொல்வார். "ஒரே அளவில் இரண்டு ஹார்ட் டிஸ்க் போட்டு மிரர் செய்து தருகிறேன் சார். ஒன்று போனாலும் இன்னொன்றில் எல்லாம் இருக்கும். இனி பேக்கப் கவலையே வேண்டாம்." மிரர் செய்து தருவதும், ஒன்று போனால் இன்னொன்றில் இருக்கும் என்பதும் உண்மை. கடைசியாகச் சொன்னது மட்டும் தவறு. அதை நம்பிப் பிள்ளைகளின் போட்டோக்களைத் தொலைத்துவிட்டு, "நீதான் கம்ப்யூட்டர் படித்தவனாயிற்றே, எப்படியாவது எடுத்துக் கொடுப்பா" என்று என்னிடம் வந்தவர்கள் உண்டு. பெரும்பாலும் எடுக்க முடிவதில்லை.

மிரரிங் என்பது ரெய்டு என்னும் தொழில்நுட்பத்தின் ஒரு வகை; ரெய்டு 1 என்பார்கள். கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகத்தில் டேவிட் பேட்டர்சன், கார்த் கிப்சன், ராண்டி காட்ஸ் ஆகிய மூவரும் 1988-ல் எழுதிய கட்டுரையில் ரெய்டு என்ற பெயர் வந்தது. விலை மலிவான டிஸ்க்குகள் பலவற்றைச் சேர்த்துப் பயன்படுத்தும்போது, ஒன்று பழுதானாலும் வேலை நிற்கக்கூடாது என்பதுதான் அங்கே கேள்வி. ரெய்டு 1-ல் நீங்கள் ஒரு பைலை சேவ் செய்தால் அது அதே நேரத்தில் இரண்டு டிஸ்க்கிலும் எழுதப்படும். 1 டெராபைட் டிஸ்க் இரண்டு போட்டாலும் உங்களுக்குக் கிடைப்பது 1 டெராபைட்தான்.

சேவ் செய்வது இரண்டிலும் நடக்கிறது என்றால், அழிப்பதும் இரண்டிலும் நடக்கும் அல்லவா? ஷிப்ட் கீயுடன் டெலிட் கீயை அழுத்தி ஒரு போல்டரை நீக்கினால், ஒரு நொடிகூடத் தாமதிக்காமல் மற்ற டிஸ்க்கிலிருந்தும் அது நீங்கிவிடும். மகன் உங்கள் கணக்கு பைலைத் திறந்து எதையோ தட்டி சேவ் செய்துவிட்டால், கெட்டுப்போன பைல் இரண்டு பிரதிகளாக இருக்கும். வைரஸும் அப்படித்தான். 2017 மே மாதம் வான்னாக்ரை பரவியபோது, அது பைல்களைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்டது. மிரர் செய்த கம்ப்யூட்டரில் அத்தகைய புரோகிராம் புகுந்தால் இரண்டு டிஸ்க்கும் பூட்டிய பைல்களையே காட்டும்.

இதனால் ஒரு நிறுவனமே மூடப்பட்டது. ஜர்னல்ஸ்பேஸ் என்ற வலைப்பதிவுத் தளம் சுமார் ஆறு ஆண்டுகளாக நடந்து வந்தது. அதன் சர்வரில் மிரர் செய்த இரண்டு டிஸ்க்குகள் இருந்தன. தனியாக பேக்கப் கிடையாது. மிரரே பேக்கப் என்று இருந்துவிட்டார்கள். டேட்டாபேஸ் முழுவதும் மேலெழுதப்பட்டு அழிந்தது. டிஸ்க்குகளில் எந்தப் பழுதும் இல்லை, இரண்டும் ஒழுங்காக ஓடிக்கொண்டிருந்தன! டேட்டா மீட்கும் நிறுவனத்திற்கு அனுப்பியும் பயனில்லை. 2009 ஜனவரி தொடக்கத்தில் தளம் மூடப்படும் செய்தி வந்தது. அங்கே எழுதி வந்தவர்களின் பதிவுகளும் அதோடு போயின.

இன்னொரு சங்கடம். இரண்டு டிஸ்க்கும் இருப்பது ஒரே கேபினட்டுக்குள், ஒரே எஸ்.எம்.பி.எஸ்.ஸின் கீழ். மின்னழுத்தம் எகிறினால் இரண்டும் சேர்ந்தே போகலாம். திருடன் கேபினட்டைத் தூக்கிப்போனாலும் அப்படியே. 2015 டிசம்பர் சென்னை வெள்ளத்தில் தரைத்தளத்து வீடுகளுக்குள் தண்ணீர் புகுந்ததே, மேஜைக்குக் கீழே தரையில் நிற்கும் கேபினட்டில் எத்தனை டிஸ்க் இருந்து என்ன?

மிரரிங் வீண் என்று நான் சொல்லவில்லை. நாள் முழுக்க பில் போடும் கடைக்கு அது அவசியம். டிஸ்க் போனாலும் பில் போடுவது நிற்காது. டிஸ்க்குகள் சொல்லாமல்தான் போகின்றன. கூகுள் பொறியாளர்கள் 1 லட்சத்திற்கும் மேற்பட்ட டிரைவ்களை ஆராய்ந்து 2007-ல் வெளியிட்ட கட்டுரையில், பழுதான டிரைவ்களில் பாதிக்கு மேற்பட்டவை ஸ்மார்ட் என்னும் சோதனையின் முக்கிய அளவுகளில் எந்த எச்சரிக்கையும் காட்டவில்லை என்றார்கள். ஆனால் மிரரில் ஒரு டிஸ்க் செத்துவிட்டால் கம்ப்யூட்டர் வழக்கம்போல ஓடுவதால், பலர் அதைக் கவனிப்பதே இல்லை. மாதக்கணக்கில் ஒற்றை டிஸ்க்கில் ஓட்டிவிட்டு, அதுவும் போன பிறகு கடைக்காரரைத் திட்டுவார்கள்.

வீட்டில் என்ன நிலை? டிஸ்க் பழுதாகி ஒரு நாள் கம்ப்யூட்டர் ஓடாவிட்டால் குடி முழுகிப் போகாது. போட்டோக்கள் போனால் திரும்ப வராது. எனவே இரண்டாவது டிஸ்க்கிற்குப் பணம் இருந்தால், கேபினட்டுக்குள் போடாதீர்கள். அதே பணத்தில் யு.எஸ்.பி. வழியே இணைக்கும் எக்ஸ்டர்னல் ஹார்ட் டிஸ்க் வாங்குங்கள். வாரம் ஒரு நாள் இணைத்துக் காப்பி எடுத்து, உடனே கழற்றி பீரோவில் வையுங்கள். கழற்றுவது முக்கியம். எப்போதும் செருகியே இருந்தால் பைல்களைப் பூட்டும் வைரஸ் அதையும் பூட்டிவிடும்.

விண்டோஸில் 2012-ல் வந்த விண்டோஸ் 8 முதல் பைல் ஹிஸ்டரி என்ற வசதி இருக்கிறது. விண்டோஸ் 11-ல் கண்ட்ரோல் பேனலில் தேடினால் கிடைக்கும். பைலின் பழைய வடிவங்களையும் வைத்திருப்பதால், மகன் கெடுத்த கணக்கு பைலைப் போன வார நிலைக்குக் கொண்டுவரலாம். ஒன்றைக் கவனியுங்கள்: டி டிரைவில் நீங்களாக உருவாக்கிய போல்டரை அது தானாக எடுக்காது. அதை லைப்ரரியில் சேர்க்க வேண்டும்.

"எல்லாம் கூகுள் டிரைவில் இருக்கிறதே" என்பவர்களுக்கு: கம்ப்யூட்டருடன் சிங்க் ஆகும் போல்டரும் ஒரு வகையில் மிரர்தான். இங்கே அழித்தால் அங்கேயும் அழியும். குப்பைத் தொட்டியில் 30 நாள் இருக்கும், அதற்குள் நீங்கள் கவனித்தால் தப்பிக்கலாம்.

காப்பி எடுத்துவிட்டோம் என்று சும்மா இருந்தும் விடாதீர்கள். கிட்லேப் நிறுவனத்தில் 2017 ஜனவரி 31 இரவு ஒரு பொறியாளர் தவறான சர்வரில் டேட்டாபேஸை நீக்கிவிட்டார். மீட்கப் பார்த்தால், பல வகையில் எடுப்பதாக நினைத்திருந்த பேக்கப்புகள் சரியாக வேலை செய்யவில்லை. சுமார் 6 மணி நேரத்திற்கு முன் தற்செயலாக எடுத்த ஒரு பிரதிதான் கைகொடுத்தது. அத்தனை பெரிய நிறுவனத்திலேயே இப்படி. நீங்கள் இந்த ஞாயிற்றுக்கிழமை எக்ஸ்டர்னல் டிஸ்க்கை வேறொரு கம்ப்யூட்டரில் இணைத்து, பத்து போட்டோக்களையும் இரண்டு டாகுமெண்ட்களையும் திறந்து பாருங்கள். பெயர் தெரிவது போதாது, படம் தெரிய வேண்டும்.