ஹந்தானை முதியவர்களுக்கு வரவேண்டிய விரிவுரை

கண்டியை அடுத்த ஹந்தானை மலையடிவாரத்துக்குப் பல்கலைக்கழகம் 1952இல் குடிவந்தது. கொழும்பில் பத்தாண்டு இயங்கிவிட்டு அது பேராதனைக்கு வந்த அந்த ஆண்டில், அதே மலையின் மேற்சரிவில் ஒரு தோட்ட லயத்தில் பிறந்த பிள்ளைக்கு இன்று எழுபது வயது தாண்டிவிட்டது. 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் பெற்றோரை நாடற்றவர்களாக்கியிருந்ததால், அந்தத் தலைமுறையில் பெரும்பாலோர் பிறக்கும்போதே நாடற்றவர்கள். இலவசக் கல்வி 1945இலேயே வந்துவிட்டதென்று பாடப்புத்தகங்கள் சொல்லும். தோட்டத்திலோ ஒரே அறை, ஒரே ஆசிரியர், மிஞ்சிப்போனால் ஐந்தாம் வகுப்பு என்பதுதான் பல இடங்களில் நிலைமை. தோட்டப் பாடசாலைகளை அரசு கையேற்கத் தொடங்கியது 1970களில்தான். அதற்குள் இவர்கள் கொழுந்துக் கூடையை முதுகில் மாட்டிவிட்டார்கள். முதியோருக்கான வாழ்நாள் கல்வியைப் பற்றிக் கண்டியில் யார் பேசினாலும், முதல் உரிமை இவர்களுடையது என்பதே என் வாதம். இதை இரக்கத்தின் பேரில் சொல்லவில்லை. இவர்களுக்கு உரிய பங்கு இவர்கள் கைக்கு வரவே இல்லை.

முதியோருக்கென்று விரிவுரை நடத்தும் எண்ணம் புதிதல்ல. பிரான்ஸின் துலூஸ் நகரில் 1973இல் பியர் வெல்லா என்ற பேராசிரியர் பல்கலைக்கழகக் கதவை ஓய்வுபெற்றோருக்குத் திறந்துவிட்டார். ‘மூன்றாம் பருவப் பல்கலைக்கழகம்’ என்ற பெயர் அங்கிருந்து பரவியது. 1981இல் கேம்பிரிட்ஜில் பீட்டர் லாஸ்லெட், மைக்கேல் யங் முதலியோர் அதை வேறு விதமாக நட்டார்கள். அங்கே பல்கலைக்கழகம் எதையும் வழங்கவில்லை. உறுப்பினர்களே ஒருவருக்கொருவர் கற்பித்தார்கள். இரண்டுமே நல்ல முயற்சிகள். ஆனால் இரண்டிலும் ஒரு குறை தொடக்கத்திலிருந்தே உண்டு. அங்கு வந்து அமர்ந்தவர்களில் பெரும்பாலோர் ஏற்கெனவே நன்றாகப் படித்தவர்கள். படித்தவருக்குப் படிப்பின் ருசி தெரியும். அறிவித்தல் கண்ணில் படும். மண்டபத்துக்குள் நுழையக் கூச்சம் இருக்காது. கண்டியிலும் அப்படியே நடக்கக்கூடும். அரச ஊழியரின் ஓய்வு வயது அறுபதுக்குத் திருப்பப்பட்டபோது, 2022 டிசம்பர் 31ஆம் திகதி ஒரே நாளில் பெருந்தொகையானோர் நாடெங்கும் வீடு திரும்பினார்கள். நகரத்தில் ஒரு விரிவுரைத் தொடர் தொடங்கினால் அவர்களைக் கொண்டே இருக்கைகள் நிரம்பிவிடும். அவர்கள் வரட்டும், அதில் தவறில்லை. ஆனால் இடம், மொழி, நேரம் மூன்றையும் அவர்களின் வசதிக்கே வகுத்துவிட்டால் மேற்சரிவு இன்னொரு முறை விடுபட்டுப்போகும்.

மருத்துவ ஆதாரத்தையும் அளவோடுதான் எடுத்துக்கொள்ள வேண்டும். ‘லான்செட்’ இதழ் அமைத்த நிபுணர் குழு, மறதி நோய்க்கான காரணிகளில் திருத்தக்கூடியவை என்று 2024இல் 14ஐப் பட்டியலிட்டது. அனைத்தையும் களைய முடிந்தால் உலக அளவில் ஏறக்குறைய 45 சதவீத நோயைத் தடுக்கவோ தள்ளிப்போடவோ இயலலாம் என்பது அதன் கணிப்பு. இளமையில் கல்வி கிடைக்காமை, கேள்திறன் குறைவு, பார்வை இழப்பு, தனிமை ஆகியவை அந்தப் பட்டியலில் உள்ளன. லயத்து முதியவர் ஒருவரிடம் இந்த நான்கும் சேர்ந்தே இருக்கக்கூடும். இதை வைத்து, விரிவுரை கேட்டால் மறதி வராது என்று யாரும் விற்கக் கூடாது. முதுமையில் வகுப்புக்குப் போகிறவர்கள் பொதுவாக உடல்நலமும் வசதியும் கூடுதலாக உள்ளவர்கள். எது காரணம், எது விளைவு என்று பிரிப்பது கடினம். தோட்டத்து முதியவர்களுக்குக் கற்கும் வாய்ப்பைக் கேட்க மருந்துச் சீட்டு தேவையில்லை. ஆனால் வாரம் ஒருநாள் மனிதர்கள் கூடும் இடம் தனிமையைக் குறைக்கும். கூட்டத்துக்கு வருபவரின் காதையும் கண்ணையும் சோதிக்க ஒரு வழியும் பிறக்கும். பேராதனையில் 1962 முதல் மருத்துவ பீடம் இருக்கிறது. அதன் மாணவர்களுக்கும் இதில் கற்க நிறைய உண்டு.

எழுத்தறிவு குறைந்தவர்களுக்கு விரிவுரை எதற்கு என்று கேட்பார்கள். விரிவுரை என்பது காதால் கற்கும் முறை. ஏடும் எழுத்தும் இல்லாதவருக்கு அதைவிடப் பொருத்தமான வடிவம் எது? யாழ்ப்பாணத்துக் கோயில்களில் ஒருவர் கந்தபுராணம் படிக்க, மற்றொருவர் பயன் சொல்ல, எழுதப் படிக்கத் தெரியாத முதியவர்களும் நாள்கணக்கில் அமர்ந்து நுணுக்கமான தத்துவம் கேட்டார்கள். போயா தினத்தில் விகாரையில் ‘பண’ எனும் பௌத்த அறவுரை கேட்கும் சிங்கள மூதாட்டிக்கும் இது பழக்கமானதே. மாசி மாதத்தில் காமன் கூத்தை இரவிரவாக நடத்தி, பாட்டு முழுவதையும் நெஞ்சில் வைத்திருக்கும் மலையகத்தாருக்குக் கேட்டு நினைவில் கொள்ளும் ஆற்றல் இல்லை என்று சொல்பவர் அந்தக் கூத்தைப் பார்த்திருக்க மாட்டார். அவர்களுக்கென்று தரம் குறைந்த உரை வேண்டாம். தாங்கள் ஏன் நாடற்றவர்களானோம், 1964ஆம் ஆண்டு சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் உறவுகளை எப்படிக் கூறுபோட்டது, 2003ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் எதைத் திருப்பித் தந்தது என்பதை ஒரு வரலாற்று ஆசிரியர் நல்ல தமிழில், அவசரமின்றி விளக்கினால் போதும். தன் வாழ்க்கையை அலைக்கழித்த சட்டத்தின் பெயரைக்கூட அறியாமல் முதுமை எய்தியவர்கள் எத்தனை பேர்! மலை ஏன் சரிகிறது, கிளினிக்கில் தரும் மாத்திரை உடலில் என்ன செய்கிறது என்பவையும் அப்படியே.

லாஸ்லெட் வகுத்த நெறி ஒன்றை இங்கே விடாமல் பிடிக்க வேண்டும்: கற்பவரும் கற்பிக்க வேண்டும். ஹந்தானையில் 1925இல் கட்டிய தேயிலைத் தொழிற்சாலை இப்போது இலங்கைத் தேயிலை அருங்காட்சியகம். உருளைகளும் உலர்த்திகளும் அங்கே துலக்கிவைக்கப்பட்டிருக்கின்றன. கவ்வாத்துக் கத்தி எந்தக் கோணத்தில் விழ வேண்டும், மழைக்குப் பின் எந்த மலையில் கொழுந்து முந்தும் என்ற அறிவு முதியவர்களின் கைகளில் இருக்கிறது. அவர்களோடு அது போய்க்கொண்டுமிருக்கிறது. சி. வி. வேலுப்பிள்ளை மலைநாட்டுப் பாடல்களைத் தொகுக்க முடிந்தது, பாடத் தெரிந்தவர்கள் உயிரோடிருந்த காலத்தில் அவர் போய்க் கேட்டதால்தான். விவசாய பீடமும் தமிழ்த் துறையும் உள்ள ஒரு பல்கலைக்கழகத்துக்குக் கூப்பிடு தூரத்தில் இத்தனை ஆசிரியர்கள் காத்திருக்கிறார்கள்.

வலுவான ஆட்சேபம் இன்னொன்று. கண்டி, மாத்தளைப் பகுதி அரச தோட்டங்களில் சேமலாப நிதியும் பணிக்கொடையும் ஆண்டுக்கணக்கில் நிலுவையில் கிடந்திருக்கின்றன. பிள்ளைகளின் பள்ளிகளுக்கே கணித, விஞ்ஞான ஆசிரியர் போதாது. இந்த நிலையில் முதியவருக்கு விரிவுரையா? நிலுவையைக் கொடுப்பது முதலாளியின் கடமை. அதற்கு விரிவுரை ஈடாகாது, ஆகவும் கூடாது. ஆனால் ஒன்று முடியும்வரை மற்றது காத்திருக்க வேண்டும் என்ற வாதத்தை இந்த முதியவர்கள் வாழ்நாள் முழுக்கக் கேட்டுவிட்டார்கள். இனிக் காத்திருக்க அவர்களிடம் காலம் இல்லை. பள்ளிக்குரிய ஆசிரியரையும் இது பறிக்காது. 65 வயதில் ஓய்வுபெறும் பல்கலைக்கழக ஆசிரியர்களும், பேசப் பழக வேண்டிய இளம் உதவி விரிவுரையாளர்களும் போதும்.

செலவைவிட ஏற்பாட்டில்தான் கவனம் வேண்டும். 2000ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க முதியோர் உரிமைகள் பாதுகாப்புச் சட்டத்தின் வழியே தேசிய முதியோர் சபையும் கிராம மட்ட முதியோர் குழுக்களும் உருவாகின. கங்கவட்ட கோரளை பிரதேச செயலகத்துக்கு யார் எந்த லயத்தில் இருக்கிறார் என்று விசாரித்தறிவது கடினமல்ல. பேராதனையில் தொலைக்கல்வி, தொடர்கல்வி நிலையமும் உண்டு. பாட்டி பேரப்பிள்ளையைப் பார்த்துக்கொள்ளும் வேலை நாளில் கூட்டம் வைத்தால் ஆண்கள் மட்டுமே வருவார்கள். ஞாயிறு முற்பகல் பொருந்தும். மூட்டு வலியுள்ளவரை மலையிறங்கி வரச் சொல்லாமல் விரிவுரையாளர் மேலே ஏறட்டும். தோட்டத்துப் பிள்ளைப் பராமரிப்பு நிலையமோ கோயில் மடமோ போதும்; ஒலிபெருக்கி மட்டும் நல்லதாக இருக்க வேண்டும். துணைவேந்தர் அலுவலகத்துக்கும் பிரதேச செயலகத்துக்கும் இடையில் சில கிலோமீற்றர் தூரமே. இரண்டில் ஏதாவது ஒன்று முதல் கடிதத்தை எழுதலாம்.