தளபாடமும் நாம் மறந்த கேள்விகளும்

பொயிண்ட் குக்கில் புதிதாகக் குடியேறும் நம்மவர் பலர் அயலிலுள்ள பெருங்கடைகளிலேயே கட்டிலும் அலுமாரியும் தெரிவு செய்கின்றனர். பளபளப்பைப் பார்க்கின்றோம், விலைச்சீட்டைப் பார்க்கின்றோம், வேறெதுவும் கேட்பதில்லை.

யாழ்ப்பாணத்தில் நாம் இவ்வாறு வாங்கியதில்லை. முதிரையா, வேம்பா, மரம் நன்கு காய்ந்ததா, மூட்டுகள் இறுகியுள்ளனவா எனத் தச்சரின் பட்டறையில் நின்று துருவித் துருவிக் கேட்டோம். (அவருக்கு அது பிடிப்பதில்லை என்பது வேறு விடயம்.) பிழை கண்டால் அவரே வீடு தேடி வந்து சீர்செய்வார்.

இங்கே பெட்டியில் வருவது பெரும்பாலும் மரத்துகளைப் பசையிட்டு அழுத்திய பலகை. நீர் பட்டால் ஊதும். கழற்றிப் பூட்டினால் திருகாணி பிடிமானம் இழக்கும். வாடகை வீடு மாறி மாறிச் செல்லும் குடும்பங்களுக்கு இது சிறிய விடயமன்று. எமது அலுமாரியொன்று பதினான்காம் மாதத்தில் சரிந்தது. ஓராண்டு உத்தரவாதம் முடிந்துவிட்டதெனக் கடையில் கூறினர். நாமும் தலையசைத்துத் திரும்பினோம். அது எமது தவறு.

2011 ஜனவரி 1 முதல் நடைமுறையிலுள்ள அவுஸ்திரேலிய நுகர்வோர் சட்டத்தின்படி, பொருளானது அதன் விலைக்கும் தன்மைக்கும் ஏற்ற நியாயமான காலம் உழைத்தல் வேண்டும். கடையின் உத்தரவாதம் முடிந்தாலும் இவ்வுரிமை முடிவதில்லை. பெரும் பழுதெனில் மாற்றுப்பொருளா, பணமா என்பதைத் தீர்மானிப்பவர் வாங்கியவரே. இதற்கெனப் பணங்கொடுத்து மேலதிக உத்தரவாதம் பெறவேண்டியதில்லை. பற்றுச்சீட்டைப் பத்திரப்படுத்துங்கள். ஆங்கிலம் தடையாயின், 131 450 என்ற இலக்கத்தில் தொலைபேசி மொழிபெயர்ப்பாளரைப் பெற்று, விக்டோரியா மாநில நுகர்வோர் விவகார அலுவலகத்திடம் ஆலோசனை கேட்கலாம்.

பற்றுச்சீட்டுடன் நாம் அடுத்த சனிக்கிழமை அக்கடைக்கு மீண்டும் செல்கின்றோம்.