குறட்டையைச் சிரித்துத் தள்ளும் ஊர்

பதிவு கொஞ்சம் நீளம். கல்யாண வீட்டுப் படங்களுக்கு நடுவில் இதையும் ஒரு தடவை வாசித்துவிடுங்கள்.

நம் ஊரில் குறட்டை என்றால் பகிடி. ரமழான் கடைசிப் பத்தில் பள்ளியில் இஃதிகாஃப் இருந்தவர்கள் பெருநாள் முடிந்த பிறகும் சொல்லிச் சிரிப்பது இன்ன ஹாஜியாரின் குறட்டையைத்தான். யாராவது அதைப் போனில் ரெக்கோட் பண்ணி வாட்ஸ்அப் குறூப்பில் போடுவார். கீழே வரிசையாகச் சிரிப்பு முகங்கள். "குடுத்து வெச்ச மனுஷன், என்னா நித்திரை" என்று பொறாமைப்படுகிறவரும் உண்டு.

அதே ரெக்கோடிங்கை ஒரு தடவை சிரிக்காமல் கேளுங்கள். குறட்டை ஏறிக்கொண்டே போகும். திடீரென்று நிற்கும். பத்து விநாடி, இருபது விநாடி, சிலருக்கு அதற்கும் மேல் ஒரு சத்தமும் வராது. பிறகு தண்ணீருக்குள் முங்கியவர் மேலே வந்ததுபோல் ஒரு பெரிய இழுப்பு. மறுபடியும் குறட்டை. நாம் சத்தத்துக்குச் சிரிக்கிறோம். பயப்பட வேண்டியது நடுவில் வந்த அந்த அமைதிக்கு.

இதைத்தான் வைத்தியர்கள் ஸ்லீப் அப்னியா என்கிறார்கள். நித்திரையில் தொண்டைத் தசைகள் எல்லோருக்கும் தளரும். சிலருக்கு நாக்கின் அடியும் அண்ணத்தின் பின்பகுதியும் சரிந்து மூச்சுப் பாதையை அடைத்துவிடும். நெஞ்சு இழுக்கும், காற்று உள்ளே போகாது. இரத்தத்தில் ஒட்சிசன் இறங்கும். மூளை பதறி, ஆளை அரை விழிப்புக்குக் கொண்டுவந்து தொண்டையைத் திறக்கும். பாதை முழுதாகவோ பாதியாகவோ இப்படி அடைபடுவது மணித்தியாலத்துக்கு 5 தடவைக்குக் குறைவென்றால் பெரியவர்களுக்கு அது நோய்க் கணக்கில் வராது. 15க்கு மேல் நடுத்தரம். 30 ஆகிவிட்டால் கடுமை. 30 என்றால் என்ன? இரண்டு நிமிடத்துக்கு ஒரு தடவை ஒருவருடைய கழுத்தை நெரித்து நெரித்து விடுவது. விடிய விடிய. காலையில் கேட்டால் அவருக்கு ஒன்றும் ஞாபகம் இருக்காது. "நல்லா உறங்கினேன்" என்பார், உண்மையாகவே அப்படித்தான் நினைப்பார்.

ஆகவே இந்த நோயில் நோயாளியின் வாக்குமூலம் உதவாது. பக்கத்தில் படுத்திருக்கும் மனைவிதான் சாட்சி. அந்தச் சாட்சியை நாம் என்ன செய்து வைத்திருக்கிறோம்? "இவருக்கு ராவையில மூச்சு நிண்டு நிண்டு வருது" என்று அவள் சொன்னால், "களைச்சுப்போய் வந்த மனுஷன், உறங்க உடு" என்று வாயை அடைக்கிறோம். "மருமகன்ட குறட்டையப் போய் டொக்டருட்ட சொல்றதா, வெக்கம் புள்ள" என்று அவளுடைய உம்மாவே தடுக்கிறார். கிளினிக் வரை அவள் கூடப் போவாள். ஆனால் வெளியே பெஞ்சில் உட்காரவைத்துவிட்டு அவர் மட்டும் உள்ளே போவார். எத்தனையோ இரவு கண்விழித்து, இப்போது மூச்சு வருமா என்று கணவரின் நெஞ்சையே பார்த்துக்கொண்டிருந்தவள் வெளியே. ஒன்றுமே தெரியாதவர் உள்ளே. டொக்டருக்கு எப்படி விளங்கும்?

விளைவு என்ன? பிரஷருக்கு மூன்று வகைக் குளிசை போட்டும் பிரஷர் இறங்காது. அப்படி இறங்காத பிரஷருக்குப் பின்னால் வைத்தியர்கள் தேடும் முக்கியமான காரணங்களில் இதுவும் ஒன்று. சீனி வருத்தம், ஒழுங்கில்லாத இதயத் துடிப்பு, பக்கவாதம் எல்லாவற்றோடும் இதற்குத் தொடர்பு இருக்கிறது. காலையில் தலையிடி. இரவில் இரண்டு மூன்று தடவை சிறுநீர் கழிக்க எழும்புவது. அதை நாம் சீனியின் கணக்கில் எழுதிவிடுகிறோம். பகலில் எரிச்சல், மறதி, குத்பா தொடங்கினால் தூக்கம். அவருக்கு ஈமான் குறைந்துவிட்டது என்று நாம் தீர்ப்பும் சொல்லிவிடுவோம். இரவு முழுக்க நித்திரையே கொள்ளாத மனிதர் அவர். 'டிஸ்கோ டான்ஸர்' பாட்டுகளால் நம் வாப்பாமாருக்குத் தெரிந்த பப்பி லஹிரி 2022 பெப்ரவரியில் மும்பையில் காலமானபோது வைத்தியசாலை சொன்ன காரணம் இந்த நோய்தான்.

குறட்டை விடுகிற எல்லோருக்கும் இந்த நோய் என்று நாம் சொல்லவில்லை. ஆனால் "அது குண்டானவங்களுக்கு வாறது" என்று மெலிந்தவர்கள் தப்பிக்கவும் முடியாது. உடற்பருமன் பெரிய காரணம்தான். தாடை எலும்பின் அமைப்பால் நம் போன்ற ஆசிய நாட்டவருக்குக் குறைந்த எடையிலும் இது வரும். மாதவிடாய் நின்ற பிறகு பெண்களுக்கும் கூடும். அவர்களுக்குப் பெரிய குறட்டை இல்லாமல் வெறும் களைப்பும் நித்திரைக் குழப்பமுமாகக்கூட இருக்கலாம். அதற்குச் சாட்சி சொல்ல வேண்டியவரோ பக்கத்தில் குறட்டை விட்டுக்கொண்டிருப்பார்!

வைத்தியர்கள் கேட்கும் எட்டுக் கேள்விகள் இருக்கின்றன. பலத்த குறட்டையா, பகலில் களைப்பா, மூச்சு நிற்பதை யாராவது பார்த்தார்களா, பிரஷர் இருக்கிறதா, எடை மிக அதிகமா, வயது 50க்கு மேலா, கழுத்துச் சுற்றளவு 40 சென்ரிமீற்றருக்கு மேலா (சேர்ட் கொலர் 16 போடுகிறவர்கள் கவனிக்கவும்), ஆணா. மூன்றுக்கு ஆம் என்றாலே டொக்டரிடம் பேச வேண்டும். ஐந்து என்றால் தள்ளிப்போடவே கூடாது. சுவாச நோய் நிபுணருக்கோ காது மூக்கு தொண்டை நிபுணருக்கோ கடிதம் கேளுங்கள். குறூப்பில் போட்ட அந்த ரெக்கோடிங்கை அவருக்குப் போட்டுக் காட்டுங்கள். மனைவியையும் உள்ளே கூட்டிப் போங்கள். நோயை உறுதிப்படுத்துவது நித்திரையில் செய்யும் பரிசோதனைதான்.

பேஸ்புக்கில் விற்கும் மோதிரம், மூக்குக் கிளிப், வாயில் ஒட்டும் டேப் எல்லாம் காசுக்குக் கேடு. பாமசியில் கேட்டு வாங்கும் தூக்கக் குளிசை அதைவிட மோசம். அது தொண்டையை இன்னும் தளர்த்தி, மூளை பதறி எழுப்புவதையும் மந்தமாக்கும். மல்லாக்கப் படுக்காமல் பக்கவாட்டில் படுப்பது, சிகரெட்டை விடுவது, மூக்கடைப்புக்கு மருந்து எடுப்பது எல்லாம் உதவும். எடையில் பத்திலொரு பங்கு குறைந்தாலே வித்தியாசம் தெரியும். இலேசான நோய்க்குப் பல் வைத்தியர் செய்து தரும், கீழ்த்தாடையை முன்னுக்கு நிறுத்தும் கருவியும் இருக்கிறது. சிலருக்குச் சத்திரசிகிச்சை. வேறு எந்தச் சத்திரசிகிச்சைக்குப் போனாலும், மயக்க மருந்து கொடுக்கும் வைத்தியரிடம் குறட்டையைப் பற்றிக் கட்டாயம் சொல்லுங்கள்.

நடுத்தரத்துக்கும் கடுமைக்கும் முதல் மருந்து சீபாப் மெஷின். சிட்னியில் கொலின் சலிவன் என்ற வைத்தியர் 1981இல் வெளியிட்ட முறை. முகமூடி வழியாக மெல்லிய காற்றழுத்தத்தைச் செலுத்தி, தொண்டை மூடாமல் பிடித்து வைக்கும். போட்ட இரவே குறட்டை நிற்கும். பழக மட்டும் சில வாரம் ஆகும். இரண்டு நாள் போட்டுவிட்டு அலுமாரியில் வைத்தால் பலன் இல்லை.

விலை இலட்சத்தைத் தாண்டும், உண்மை. ஆனால் இதே ஊர்தான் சக்கர நாற்காலிக்கும் டயலிசிஸுக்கும் காசு சேர்க்கிறது. சேர்ப்பவர்களுக்கு அல்லாஹ் அருள் செய்யட்டும். சிறுநீரகமும் இதயமும் கெட்ட பிறகு துண்டு விரிக்கும் நம் பள்ளி நிர்வாகங்களும் சங்கங்களும், அதற்கு முன்னால் நாலு மெஷின் வாங்கி, வசதியில்லாதவருக்குத் தவணைக்கோ இரவலுக்கோ கொடுத்தால் என்ன? கட்டாரிலிருந்தும் இலண்டனிலிருந்தும் பழைய மெஷின் அனுப்பும் உறவுகள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். பிலிப்ஸ் கம்பனி 2021இல் தன் மெஷின்களில் இலட்சக்கணக்கானவற்றை உள்ளே இருக்கும் ஸ்பொஞ்ச் பழுதாவதால் மீளப்பெற்றது. மாடலைப் பாருங்கள். அழுத்தத்தையும் ஆளுக்கு ஏற்றபடி வைத்தியர்தான் அமைக்க வேண்டும்.

கடைசியாக வேன்காரர்கள். இரவு பத்துக்கு ஊரில் ஏற்றி, வெலிக்கந்தை, பொலன்னறுவை, ஹபரணை, தம்புள்ளை என்று விடியுமுன் கட்டுநாயக்கவில் இறக்குகிறார்கள். பின்சீட்டில் நம் பிள்ளைகள் உறங்குகிறார்கள். சாரதிக்குக் கண் சொருகினால் தேத்தண்ணி வாங்கிக் கொடுக்கிறோம், தெம்பிலி வாங்கிக் கொடுக்கிறோம். மெல்பேர்னில் 1991இல் தயாரித்த ஒரு கேள்விப் பட்டியல் இன்றும் உலகம் முழுக்கப் பாவனையில் இருக்கிறது. அதில் ஒரு கேள்வி: வாகன நெரிசலில் சில நிமிடம் நிற்கும்போது உங்களுக்குத் தூக்கம் வருமா? அடுத்த பயணத்துக்கு வேன் பேசும்போது ஏ.சி. இருக்கா என்று கேட்பதற்கு முன்னால் சாரதியிடம் இதைக் கேளுங்கள். அவர் சிரித்து மழுப்பினால், அவருடைய மனைவியிடம் கேட்டுப் பாருங்கள்.