முதல் அடி யாருடையது?

பொத்தேரியில் நம்மவர் சிலர், "கராத்தே வகுப்பில் தலைவணங்கச் சொல்கிறார்கள்; அது நம் விசுவாசத்திற்கு ஒவ்வாது; பிள்ளைகளை அனுப்பாதீர்" என்கின்றனர். நான் மறுக்கிறேன். அவ்வணக்கம் எவரையும் தெய்வமாக்குவதன்று. எதிரே நிற்பவனை மனிதனாக மதிப்பது. நவீன கராத்தேயின் தந்தை எனப்படும் கிச்சின் ஃபுனகோஷி (1868–1957) வகுத்த இருபது நெறிகளுள் முதலாவது மரியாதை; இரண்டாவது, முதல் அடி நம்முடையதாக இருத்தலாகாது என்பது.

நாமோ? திருப்பலியில் சமாதானம் பகிர்ந்துவிட்டு, கோவில் வாசலைத் தாண்டுமுன் அயலானை நாவால் அடிக்கிறோம். மைதானத்தில் தோற்றுவந்த பிள்ளையை ஏசுகிறோம். தலைமைக் குருவின் முன்னிலையில் காவலன் அறைந்தபோது ஆண்டவர் திருப்பி அறையவில்லை. காரணம் கேட்டார் (யோவான் 18:22-23). பவுலடியாரோ தம் உடலையே அடக்கிப் பழக்கினார் (1 கொரிந்தியர் 9:27).

அன்பர்களே, அஞ்சவேண்டியது பிள்ளையின் வணக்கத்தையன்று; அடங்காத நம் நாவை!